கோலமும் ஒரு நிரல்தான்



எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற மார்கழியில் ஒருநாள் கணிப்பொறிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அப்பா, புரோகிராம் எனக்கு வராது. அதெல்லாம் இங்கிலீஷ்காரங்க சமாச்சாரம்" என்றாள். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்கும் இந்தத் தாழ்வு மனப்பான்மை உண்டு.

அப்போது வாசலில் என் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "7 புள்ளி, நேர்ப்புள்ளி, ஒண்ணுல முடியும்" என்றார். மகள் ஓடிப்போய்ப் புள்ளி வைத்தாள். "ஆச்சி சொன்னதுதான் நிரல். அதை நீ இயக்கிவிட்டாய்" என்றேன்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு தாளில் படம் வரையுங்கள். நீள்வட்டம் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும். செவ்வகம் செயலையும் சாய்சதுரம் கேள்வியையும் குறிக்கும்.

1. தொடங்கு.
2. நடுவரிசையில் 7 புள்ளி வை.
3. எண்ணில் 2 குறை.
4. எண் ஒன்றுக்குக் கீழே போயிற்றா? ஆம் என்றால் நிறுத்து.
5. இல்லை என்றால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை அத்தனை புள்ளி வை. மீண்டும் 3க்குப் போ.

7க்குப் பின் 5, 3, 1 என வரும். மொத்தம் 25 புள்ளிகள். 5இலிருந்து 3க்குத் திரும்பும் அம்புக்குறிதான் 'சுழற்சி'. 7ஐ 9 ஆக மாற்றினால் 41 புள்ளிகள் வரும். மற்றபடி படத்தில் மாற்றம் இல்லை.

இது வெறும் ஒப்புமை அன்று. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைக் கணிப்பொறி அறிவியல் முறையில் ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். கம்பிக் கோலத்தைப் பற்றிய அவர்களது ஆய்வு 1989இல் வெளிவந்தது.

வரைபடத்தையே நிரலாகக் கொள்ளும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வில்லியம் சதர்லாண்ட் 1966இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். அதே நிறுவனத்தில் 2007இல் பிறந்த ஸ்கிராட்ச், கட்டளைகளை வண்ணத் துண்டுகளாக அடுக்க வைக்கிறது. கேரளப் பள்ளிப் பாடத்திலும் அது இடம்பெற்றது.

பள்ளிக்கூடப் படி ஏறாத என் அம்மா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். மகளோ மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தாள்.

வீட்டுப் பயிற்சி: 11 புள்ளியில் தொடங்கினால் மொத்தம் எத்தனை? முதலில் படம் வரைந்து கணக்கிடுங்கள். பிறகு வாசலில் புள்ளி வைத்து எண்ணிச் சரிபாருங்கள்.