கிட்டா, ஸ்லீவா, புது சிலிண்டரா?

பழைய அம்பாசிடரிலோ பத்மினியிலோ பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் உடனே ஸ்பேர் கடைக்கு ஓடாதீர்கள். பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல், பெடல் மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. உள்ளே ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் கசிகிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் டிரம்முக்குள் ஷூ விலகியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

மாஸ்டர் சிலிண்டர்தான் என்று உறுதியானால், எதை வாங்குவது என்பதைத் துளையின் உட்சுவர் சொல்லும், விலை அல்ல. கழற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் வருடுங்கள். வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் கிட் போதும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் கிட் தண்டம். அந்தக் குழியே புது கப்பின் விளிம்பைக் கிழித்துவிடும்.

அப்போது ஸ்லீவ். லேத்து பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து தருவார்கள். ஒரிஜினல் பாடி கிடைக்காத வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஆயில் திரும்பும் ஊசித்துளையை ஸ்லீவிலும் போட்டார்களா, பிசிறு எடுத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் துளை அடைத்தால் பெடலை விட்ட பிறகும் பிரேக் விடாது.

புது சிலிண்டர் கிடைத்தால் வேலை சுலபம். துளை அளவு மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்: பெரிதானால் பெடல் கனக்கும், சிறிதானால் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். பல வருடம் கடையில் கிடந்த சரக்கில் ரப்பர் விறைத்திருக்கலாம். வீல் சிலிண்டருக்கு இந்த யோசனையே வேண்டாம், புதிதாகவே மாற்றுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் இறுகி நிற்கிறதா? நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அதையும் மாற்றத்தான் வேண்டும்.

ஆயிலில் டாட் 4 வாங்குங்கள். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், இது 230 வரை. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சுபவை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான், இவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் ஊதிப்போகும்.