தோணாவுக்குள் இறங்குமுன்

கல்முனைப் பக்கம் சிரமதானம் என்றால் சனிக்கிழமை காலை, ஒரே நிற டீசேர்ட், முன்னால் பேனர், பதினொரு மணிக்குச் சோற்றுப் பார்சல். குறை சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்த படங்களில் நிற்கிறேன். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஸதகா என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. ஈரநிலத்தில் இறங்கினால் மட்டும் எது முள், எது பயிர் என்பதில் தடுமாறுகிறோம்.

நம்பிக்கை: தண்ணீரில் பச்சையாக நிற்பதெல்லாம் பிடுங்க வேண்டியது.

சாய்ந்தமருதில் நீரோடையான தோணாவை மூடுகிற சல்வீனியா பிடுங்க வேண்டியதுதான். 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவுக்கென்று கொண்டுவந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவிய செடி அது. ஆற்றுவாழை அதற்கும் மூத்தது. அதை ஒழிக்க 1909இலேயே சட்டம் போட்டார்கள், இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. சல்வீனியாவில் ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலும் புதுச்செடி கிளம்பும். வாரியெடுத்துக் கரையிலேயே குவித்துவிட்டு வந்தால் அடுத்த மழை அதைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

ஓரத்தில் நிற்பது வேறு. ஒரு தடவை எங்கள் பையன்கள் முழங்கால் சேற்றில் நின்று ஓரத்தையெல்லாம் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலியடியில் நின்ற ஓர் உம்மா சத்தம் போட்டார்: "மகன், அதப் புடுங்காதீங்க. அது பன்னு." பிடுங்கிப்போட்ட கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்து நகத்தால் நீளமாகக் கிழித்துக் காட்டினார், உள்ளே வெள்ளைப் பஞ்சு. காயவைத்துச் சாயம் போட்டால் பன்பாய். நாங்கள் 'துப்பரவு' செய்தது யாரோ ஒருவரின் பாயை. அந்த வேர்தான் கரை மண்ணையும் பிடித்துவைத்திருக்கிறது. மீன்குஞ்சு ஒதுங்குவதும் அதற்குள்ளேதான்.

நம்பிக்கை: கண்டல் நட்டால் சுனாமிக்குச் சுவர்.

2004 டிசம்பர் 26ஐ மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதற்குப் பிறகு கண்டல் நடுவது பெரிய தொண்டாகிவிட்டது. அலையின் வேகத்தைக் காடு குறைக்கும், உண்மை. அது அடர்ந்து வளர்ந்த காடு. முழங்காலளவு கன்று அல்ல.

கன்றுகளுக்கு என்ன நடந்தது? 2017இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்தது. நட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் தண்ணீர் மட்டம். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. கண்டலின் வேர் நனையவும் வேண்டும், அதற்குக் காற்றும் பட வேண்டும்; இரண்டும் கிடைக்கும் இடம் கரையோரம் ஒடுங்கிய ஒரு பட்டைதான். மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் களப்பில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும், கன்று மூச்சுமுட்டிச் சாகும். தப்பியதை மாடு மிதிக்கும். நடும் நாளில் நூறு பேர், ஆறாம் மாதம் மாடு விரட்ட ஒருவருமில்லை. தானாக முளைத்து நிற்கும் கன்றுகளைச் சுற்றி நாலு கம்பு ஊன்றி வலை கட்டுங்கள். படத்துக்கு எடுபடாது, கன்று பிழைக்கும்.

நம்பிக்கை: களப்பை நிரப்பினால் டெங்கு போகும்.

நிலம் வாங்க நினைக்கிறவருக்கு வசதியான நம்பிக்கை. டெங்கு நுளம்புக்கு முதல் விருப்பம் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீர்: யோகட் கப், சிரட்டை, டயர். மீன் ஓடும் களப்பில் நுளம்புக் குடம்பியை மீன் தின்றுவிடும். இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான 2017இல், நாம் நிரப்பிய நிலம் கூடியிருந்ததே தவிர குறையவில்லை. கரையோரம் கிடக்கும் யோகட் கப்பைப் பொறுக்குங்கள், அது டெங்கு வேலை. சாக்கடையாகிவிட்ட தோணா வேறு வகை நுளம்பை வளர்க்கும். அதற்கும் மருந்து தண்ணீரை ஓடவிடுவதுதான், மண் போடுவதல்ல.

நம்பிக்கை: பொறுக்கியதைப் பையில் கட்டியதோடு வேலை முடிந்தது. பை எங்கே போகிறது? அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் சொப்பின் பேக்கும் லன்ச் ஷீட்டும் தின்று எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. உணவு ஒட்டிய ஷீட்டைத் தனியாகப் பிரிக்காமல் கட்டிய பை, நம் கண்ணிலிருந்து யானையின் வாய்க்கு இடம் மாறிய குப்பை. அந்தச் சோற்றுப் பார்சலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று: எலிக்காய்ச்சல் வயற்காரருக்கு மட்டும் வருவதல்ல. காலில் கீறல் இருந்தால் இறங்காதீர்கள்; போகுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம்பிக்கை: சேறு படாத வேலை வேலையே அல்ல.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதைப் பார்த்து நாங்கள் நாலு பேர் ஒரு கொப்பியோடு கரைவாகு வட்டை வயலுக்குப் போனோம். வரம்பில் நின்று எண்ணியதில் எனக்குக் கொக்கு நாற்பத்தொன்று, மச்சானுக்கு முப்பத்தெட்டு. சண்டை தீருமுன் றோட்டில் ஒரு த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. எல்லாம் எழும்பி அடுத்த வயலில் இறங்கின. எழுதியதை வெட்டிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம்.