தள்ளி மூட ஒரு பொத்தான் தேவையா? (எம்.16 ரைபிளை வைத்து ஒரு சிறு ஆராய்ச்சி)

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை

தலைப்பைப் பார்த்ததும், "இவனுக்கு எதுக்குடா துப்பாக்கி சமாசாரம்?" என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாவும் அதையேதான் கேட்டார்கள். சுடுவது பற்றியோ சண்டை பற்றியோ நான் எழுத வரவில்லை. ஒரு மெஷினில் கூடுதலாக ஒரு பாகம் சேர்த்தார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கைத்தான் நம் மெக்கானிக்கல் கண்ணோடு பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவாக்கிவிடுகிறேன். போல்ட் என்றதும் நமக்கு நட்டும் போல்ட்டும்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. கதவுத் தாழ்ப்பாளுக்கும் இங்கிலீஷில் போல்ட் என்றுதான் பெயர். தோட்டா உட்காரும் அறைக்கு சேம்பர் என்று பெயர். அதன் பின்பக்கக் கதவும் தாழ்ப்பாளும் சேர்ந்ததுதான் போல்ட். எம்.16 தோட்டா வெடிக்கும்போது சேம்பரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு அழுத்தம் உண்டாகிறது. கதவு சரியாகத் தாழிடாமல் வெடித்தால் சுடுகிறவன் முகம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் போல்ட் முழுசாகச் சுழன்று அதன் பற்கள் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஃபயரிங் பின் தோட்டாவைத் தொட முடியும். அதற்கு முன்னால் விசையை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நம்ம என்.சி.சி. நண்பர்கள் சுடும் .22 ரைபிளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. போல்ட்டைக் கையாலேயே தள்ளி, கையாலேயே மடக்கிப் பூட்டுகிறோம். மூடவில்லை என்றால் கைக்கே தெரிந்துவிடும். ஆனால் எம்.16 தானாக இயங்குவது. தோட்டா வெடித்ததும் வரும் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ளும். காலி உறை வெளியே பறக்கும். பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது கேரியர் முன்னால் ஓடும். போகிற போக்கில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவிக்கொண்டு போய் சேம்பரில் சொருகிப் பூட்டும். மூடுகிற வேலை முழுவதும் ஸ்பிரிங்கினுடையது.

கையால் இழுக்க ஒரு காக்கிங் ஹேண்டில் உண்டு. ஆனால் அது பின்னால் இழுக்க மட்டும்தான். முன்னால் தள்ளினால் வெறும் ஹேண்டில் போகுமே தவிர போல்ட் போகாது, இரண்டுக்கும் அந்தப் பக்கம் பிடிப்பே இல்லை. இதில் நல்லதும் இருக்கிறது. சுடும்போது ஹேண்டில் முன்னும் பின்னும் ஆடாது, ஹேண்டில் ஓடுவதற்கென்று பக்கவாட்டில் நீளமான திறப்பு வைக்க வேண்டாம், அதன் வழியாக மண் தூசி போகவும் வழியில்லை. ஏ.கே.47-லோ ஹேண்டில் கேரியரோடு ஒரே துண்டு. போல்ட் மூடவில்லை என்றால் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும். அமெரிக்க ராணுவம் அதற்கு முன்னால் வைத்திருந்த எம்.1 கரண்ட், எம்.14 இரண்டிலும் அப்படித்தான் தட்டி மூட முடியும்.

சண்டை ஆரம்பித்தது இங்கேதான். யூஜீன் ஸ்டோனர் 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் கம்பெனியில் வடிவமைத்த ஏ.ஆர்.15 ரைபிளில் தள்ளி மூட எந்த ஏற்பாடும் கிடையாது. 1959-ல் அதன் உரிமையை கோல்ட் கம்பெனி வாங்கியது. அமெரிக்க விமானப்படை ரைபிளை அப்படியே ஏற்றுக்கொண்டது. தரைப்படை மட்டும், "போல்ட் மூடவில்லை என்றால் சிப்பாய் என்ன செய்வான்? தள்ள ஒரு வழி வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தது. அதற்காக வலது பக்கம் ஒரு பொத்தான் வைத்தார்கள். அமுக்கினால் அதன் முனையில் உள்ள நாக்கு, கேரியரின் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் பற்களில் மாட்டி முன்னால் தள்ளும். ராட்செட் படித்தவர்களுக்கு உடனே புரியும். 1963-ல் கோல்ட் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தரைப்படைக்குப் பொத்தானோடு 85,000 ரைபிள், விமானப்படைக்குப் பொத்தான் இல்லாமல் 19,000 ரைபிள். ஒரே நாடு, ஒரே தொழிற்சாலை, ஒரே துப்பாக்கி, இரண்டு முடிவு!

விமானப்படையின் வாதம் சுருக்கமானது. மூன்று வருஷம் எல்லா நிலைமையிலும் சோதித்துப் பயன்படுத்திப் பார்த்தோம், இந்தப் பொத்தானால் சரியாகியிருக்கக்கூடிய கோளாறு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றார்கள். ஸ்டோனரும் எதிர்த்தார். உள்ளே போகாத தோட்டாவை வம்பாக அடித்து ஏற்றினால் தொல்லை பெரிசாகும் என்பது அவர் கருத்து. இதைப் படித்ததும் எனக்கு முதல் வருஷ ஃபிட்டிங் ஷாப்தான் ஞாபகம் வந்தது. ஆண் துண்டு பெண் துண்டுக்குள் போகவில்லை என்று சுத்தியலை எடுப்போம். இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்து நிறுத்தி, "பிசிறு எங்கேன்னு பாருடா, அரத்தை எடு" என்பார். அடித்து ஏற்றிய துண்டு திரும்ப வராது. நெளிந்த தோட்டாவோ, சேம்பருக்குள் மண்ணோ இருந்தால் அதே கதைதான். சும்மா இழுத்தால் வெளியே விழுந்திருக்க வேண்டிய தோட்டா, பொத்தானை அமுக்கியதால் ஆப்பு மாதிரி இறுகிவிடும்.

இந்த வாதம் காகிதத்திலேயே முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன். வியட்நாமில் 1965 முதல் 1967 வரை இந்த ரைபிள் அடிக்கடி சிக்கியது. சண்டை நடுவே துப்பாக்கி நின்றுபோய் இளைஞர்கள் செத்தார்கள். நம்ம வயசுப் பையன்கள், நம்மைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கலாம். அந்த ரைபிள்களில் பொத்தான் இருந்தது. ஆனால் பெரும்பாலும் நேர்ந்த கோளாறு போல்ட் மூடாதது அல்ல; சுட்ட தோட்டாவின் காலி உறை சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராதது. பின்னால் வர வேண்டியதை முன்னால் தள்ளும் பொத்தான் என்ன செய்யும்? குழலின் வாய் வழியாக கிளீனிங் ராடை விட்டுக் குத்தித்தான் உறையைத் தள்ள வேண்டும். அந்த ராடும் எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை.

ஏன் ஒட்டியது? இதுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். ரைபிள் ஒரு வகை வெடிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. பிறகு தோட்டாவில் வேறு வகை, உருண்டை மணியாக இருக்கும் பால் பவுடரைப் போட்டார்கள். வாயு எடுக்கும் துளையில் அழுத்தம் கூடியது. நிமிஷத்துக்கு 850 குண்டு என்று வைத்திருந்த வரம்பைத் தாண்டி வேகம் ஏறியது. வெடித்ததும் விரிந்த பித்தளை உறை சுருங்கி விடுபடுவதற்குள் எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுக்கிறது. உறையின் விளிம்பு கிழிகிறது, உறை உள்ளேயே நிற்கிறது. அதோடு அந்த மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் கேஸ் குழாயில் படிந்தது. சேம்பருக்கு குரோமியம் பூச்சு கிடையாது. அந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக அரித்தது. போதாக்குறைக்கு, இந்த ரைபிளை அதிகம் சுத்தம் செய்யவே வேண்டாம் என்ற பேச்சு வேறு பரவியிருந்தது.

1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. பொத்தான் சேர்த்தது எந்தச் சோதனையின் முடிவாலும் அல்ல, மேலிடத்து உத்தரவால்தான் என்பதும் அதில் வெளிவந்தது. அதற்குப் பிறகு சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள், பஃபரை மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள், சுத்தம் செய்யும் சாமான்களை அனுப்பினார்கள். 1968-ல் வில் ஐஸ்னர் என்ற ஓவியர் வரைந்த படக்கதை வடிவிலேயே பராமரிப்புக் கையேடு போட்டார்கள். (நம்ம லேப் மானுவலையும் இப்படிப் படக்கதையாப் போட்டா எத்தனை பேர் பாஸ் ஆவாங்க!) ரைபிள் சரியானது இந்த வேலைகளால்தான், பொத்தானால் அல்ல.

அப்படியானால் பொத்தான் சுத்தமாக வீணா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். ஹேண்டிலை முழுசாக இழுத்து "சடக்" என்று விட்டால் கேரியர் வேகம் பிடித்துப் போய்ப் பூட்டிக்கொள்ளும். சத்தம் கேட்கக்கூடாது என்று கையில் பிடித்தபடியே மெதுவாக விட்டால், ஸ்பிரிங்கில் சேர்ந்த சக்தியெல்லாம் கையோடு போய்விடும். கடைசிக் கால் அங்குலத்துக்கு உந்தம் இருக்காது. அப்போது பொத்தானைச் சத்தமில்லாமல் அமுக்கி மூடலாம். இது நியாயமான உபயோகம். ஆனால் கேரியரின் பக்கத்தில் விரல் வைக்க ஒரு பள்ளம் இருக்கிறது, அதிலும் தள்ளலாம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்க அப்பா நெல் அரவை மில்லில் வேலை பார்ப்பவர். பெல்ட் நழுவினால் கட்டையால் தட்டித்தான் ஏற்றுவார். புல்லி கோணலாக இருப்பது அவருக்கும் தெரியும். மில்லை நிறுத்திச் சரிபார்க்க முதலாளி விடமாட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புல்லி அலைன்மென்ட் என்று புத்தகத்தில் படித்தவன் நான். அதற்காக அப்பா தட்டுவது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குண்டு பறக்கும் இடத்தில் பொத்தானை அமுக்குகிற சிப்பாயும் அப்படித்தான். அவனிடம் அரம் இல்லை, நேரமும் இல்லை. சேம்பருக்குக் குரோமியம் பூசலாமா என்று மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்கு இரண்டும் இருந்தன.

பிற்பாடு அமெரிக்க ராணுவம் சொல்லிக்கொடுத்த கோளாறு நீக்கும் முறையிலும் பொத்தானுக்கு இடம் உண்டு. ஆனால் முதல் இடம் இல்லை. மேகசினைத் தட்டு, ஹேண்டிலை இழு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார், விடு, அதன் பிறகுதான் பொத்தானைத் தட்டு, கடைசியில் சுடு. "பார்" என்பதைத் தாண்டிக் குதித்து நேராகப் பொத்தானுக்குப் போகிறவனுக்குத்தான் ஸ்டோனர் சொன்ன தொல்லை வரும். என் கணக்கில் அந்தப் பொத்தான் ஹேண்டிலில் விட்டுப்போன ஒரு வேலைக்கு ஒட்டுப் போட்டது. இருந்தால் சில நேரம் உதவும், இல்லாவிட்டாலும் ரைபிள் ஓடும். பொத்தான் வைத்த ரைபிள் எம்.16ஏ1 என்ற பெயரில் தொடங்கி எம்.4 வரை வளர்ந்தது. பொத்தான் இல்லாத பழைய எம்.16 ரைபிள்களை விமானப்படை பல பத்து ஆண்டுகள் அப்படியே வைத்துப் பயன்படுத்தியது.