கச்சான் வீசும் ஊரில் வசந்தம்

பெரியநீலாவணை,
புரட்டாதி மாதம்.

அன்பு மகளுக்கு,

பேராதனையிலிருந்து நீ அனுப்பிய கவிதைகள் கிடைத்தன. உன் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வசந்தம் வந்து நிற்கிறது. ஆங்கிலம் படிக்கிற பிள்ளை. ஷெல்லியையும் கீற்ஸையும் வாசித்த சூடு இன்னும் ஆறவில்லை. அது நல்லதுதான். ஆனால் கடிதத்தின் அடியில், "வசந்தமே இல்லாத ஊரில் பிறந்துவிட்டேனே மாமா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

மேல்காற்றைப் பார்த்து ஷெல்லி பாடிய பாட்டு உனக்குப் பிடித்தது என்கிறாய். அதை அவர் எழுதியது 1819இல், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஆர்னோ ஆற்றை ஒட்டிய காட்டில். அப்போது அங்கே வசந்தம் இல்லை, இலையுதிர்காலம். காற்று சருகுகளை விரட்டிக்கொண்டு போக, பின்னாலேயே மழை திரண்டு வருகிறது. இனிமேல்தான் குளிர்காலமே வரப்போகிறது. வசந்தத்தை எண்ணி ஏங்குகிற அந்தப் பாட்டு வசந்தத்தில் எழுதப்பட்டதல்ல.

கீற்ஸையும் பார். இராக்குயிலைப் பற்றிய அவருடைய பாட்டு 1819இன் வசந்தத்தில்தான் பிறந்தது. ஆனால் அதற்கு முந்திய டிசம்பரில், சயரோகத்தில் கிடந்த தம்பியைப் பக்கத்திலிருந்து பார்த்து, அடக்கமும் செய்திருந்தார். 1821 பெப்ரவரியில் அதே நோய் அவரையும் கொண்டுபோனது. வயது 25. தம்பியை இழந்த குளிர்காலத்தை மறந்துவிட்டு அந்த வசந்தத்தை வாசிக்க முடியாது. உன் கவிதைகளில் பூ இருக்கிறது, பறவை இருக்கிறது. அவை வருமுன் எதைப் பொறுத்திருந்தாய் என்பதுதான் இல்லை.

அந்த மேல்காற்றை அப்படியே தூக்கி வந்து எங்கள் ஊரில் விட்டால் என்ன நடக்கும்? இங்கே மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கீழிறங்கி எங்களிடம் வருகிறது. ஆனி ஆடியில் நீ அங்கே குடை பிடிப்பது எந்தக் காற்றின் மழைக்கோ, அதே காற்றுத்தான் இங்கே உதட்டை வெடிக்க வைக்கிறது, புல்லைக் கருக்குகிறது. "மேல்காற்றே வா" என்று பெரியநீலாவணைச் சந்தியில் நின்று பாடினால், "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்பார்கள்.

நாங்களும் காத்திருக்கிறோம் மகள். கச்சான் அடங்கி, காற்றுத் திசை மாறி, ஐப்பசி பிறந்து முதல் மழை விழும் வரைக்கும். அந்த மழையை நம்பித்தான் பெரும்போகம். மார்கழி வெள்ளத்துக்குப் பயிர் தப்ப வேண்டும்; குடலை தள்ளி, கதிர் பறிந்து, மாசி பங்குனியில் வெள்ளாமை வெட்டு. எங்கள் ஏக்கத்துக்கும் நிறைவுக்கும் இப்படியொரு கால ஒழுங்கு இருக்கிறது. அது ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் ஒழுங்கோடு பொருந்தவில்லை என்பதற்காக, வசந்தமே இல்லை என்று சொல்லிவிடாதே.

இந்த வழியில் உனக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். பாரதி தனக்கு 'ஷெல்லிதாசன்' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டவர். அப்படியிருந்தும் பாட்டென்று எழுத உட்கார்ந்தபோது ஷெல்லியின் வானம்பாடியைக் கூட்டிலடைத்துக் கொண்டுவரவில்லை; புதுச்சேரி மாந்தோப்பில் கூவிய குயிலிடம் போனார். தன்னை வேறொரு கவிஞனுக்குத் தாசன் என்று சொன்ன மனிதர், அவன் பார்த்ததைப் பார்க்காமல் அவன் பார்த்த விதத்தைக் கற்றுக்கொண்டார். இங்கிருந்து சற்றுத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 'ஆங்கிலவாணி' எழுதி ஆங்கிலக் கவிஞர்களைத் தமிழுக்கு அறிமுகம் செய்தார். படித்தவர்கள் பாரதியை மதிக்கத் தயங்கிய காலத்தில் அவர் கவிதையைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனவரும் அடிகளே. அதனால் நீ வாசிக்கிற கவிஞர்கள் இந்தக் கரைக்குப் புதியவர்களல்லர்.

இனி எங்கள் ஊர்க்காரர். கேசகப்பிள்ளை சின்னத்துரை என்று சொன்னால் உனக்குத் தெரியாது. நீலாவணன் என்றால் தெரியும். 1931இல் இங்கே பிறந்து, ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். மஹாகவி, முருகையன் ஆகியோரோடு சேர்த்து ஈழத்து நவீன கவிதையின் முன்னோடியாகச் சொல்லப்படுகிறவர். ஆசிரியத் தொழில், கல்முனையில் எழுத்தாளர் சங்கம், 'பாடும்மீன்' என்றொரு சஞ்சிகை. அவரைச் சூழ்ந்திருந்த இளையோரில் எங்கள் முஸ்லிம் ஆட்களும் இருந்தார்கள்: மருதமுனையின் மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியின் நுஃமான். அந்த நுஃமான்தான் பின்னாளில் உன் பேராதனையிலேயே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற எல்லை கவிதை வாசிக்கிற இடத்தில் நின்று மறிக்கவில்லை.

நீலாவணனிடம் காதலும் இயற்கையும் ஆன்மத் தேடலும் நிறைய உண்டு. கனவு காணத் தெரிந்த கவிஞர். ஆனால் பெரிய காவியமொன்று செய்ய நினைத்தபோது எடுத்த பொருள் என்ன? வேளாண்மை. மட்டக்களப்புப் பக்கத்து உழவர் வாழ்க்கை, அவர்களுடைய பேச்சு, வழக்கம், கலியாணம். பூஞ்சோலை தேடிப் போகாமல் வயல் வட்டைக்குள் இறங்கினார். அது முற்றுப்பெறவில்லை, 1975 சனவரியில், 43 வயதில் மறைந்துவிட்டார். 'வழி' தொகுப்பு 1976இலும் 'வேளாண்மை' 1982இலும் அச்சாயின. தன் புத்தகத்தைக் கையில் ஏந்தாமலே போன ஒருவரைத்தான் இன்று இந்தக் கரையில் எழுத வருகிற பிள்ளைகளெல்லாம் முதலில் வாசிக்கிறார்கள்.

இதைச் சொன்னதும், "அப்படியென்றால் நான் வயலைப் பற்றித்தான் எழுத வேணுமா?" என்று கேட்பாய். இல்லை. வசந்தம் என்ற சொல்லை வெட்டிவிட்டு மாரி என்று ஒட்டினால் அதுவும் இரவல்தான். வயலை அழகுபடுத்தி எழுதுவதும் வேண்டாம். வட்டிக் கடனும் வெள்ளமும் யானையும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது நீ இருக்கிற இடம் பேராதனை. அங்கத்தைய மரம் எந்த மாதம் இலை கொட்டுகிறது, எந்த மாதம் பூக்கிறது, மழை எந்த மலையில் முதலில் இறங்குகிறது என்று பார்த்தாயா? ஷெல்லி ஆர்னோக் கரைக் காட்டில் செய்தது அதைத்தான்.

மூன்று வேலை சொல்கிறேன். 'வேளாண்மை'யை நூலகத்தில் எடுத்து, வாய்விட்டு வாசி. அதன் ஓசை கண்ணுக்குக் கேட்காது. ஷெல்லியையும் விடாதே, ஆனால் ஒவ்வொரு பாட்டையும் அவர் எந்த மாதம், எந்த ஊரில், என்ன கவலையோடு எழுதினார் என்று தேடிப் பார். மூன்றாவது, ஒரு வருடத்துக்கு உன் கவிதைகளில் நீ கண்ணால் காணாத பூவையும் காதால் கேளாத பறவையையும் சேர்க்காதே. முதலில் கவிதை மெலிந்துபோகும், பயப்படாதே, மெலியட்டும்.

மாசி விடுமுறைக்கு வா. வெள்ளாமை வெட்டு நேரம். உன் வாப்பாவோடு வட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, புதிதாக என்ன எழுதினாய் என்று காட்டு. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மாமா