தலை ஆடுபவருடையது

அன்புள்ள கயலுக்கு,

மணிக்கூண்டிலிருந்து சோலைநகர் வரை பைக் ஓட்டும் விஆர் (மெய்நிகர்) விளையாட்டுதான் முதலில் செய்வேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. ஆடுபவருக்கு வாந்தி வரும். நகர்கிறோம் என்று கண் சொல்லும், அசையவில்லை என்று உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்லும். கொடைக்கானல் பேருந்தில் புத்தகம் படித்தால் வருகிற அதே குமட்டல்தான், தலைகீழாக.

அதனால் ஆடுபவரை மணிக்கூண்டடியில் நிற்க வை. தலையை அவரே திருப்பட்டும். கேமராவை நகர்த்த நீ ஒரு வரிகூட நிரல் எழுதாதே. யாரோ பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள், யாரென்று தேட வேண்டும்: விளையாட்டு அவ்வளவே. மீன் விற்கும் அம்மாவின் குரல் இடப்பக்கம் கேட்டால் எவர் தலையும் தானாகத் திரும்பும். திரை நடுவிலுள்ள பார்வைப் புள்ளி அந்த அம்மாமேல் சற்று நின்றால் மதிப்பெண்.

முதலில் உன் போனில் ஜைரோஸ்கோப் இருக்கிறதா என்று பார். மலிவான பல போன்களில் இருக்காது. இல்லாவிட்டால் தலை திரும்புவதைப் போன் சரியாக அறியாது. பிறகு போனைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு கார்ட்போர்டு பெட்டி. பாரிஸிலிருந்த கூகுள் பொறியாளர்கள் டேவிட் கோஸும் டேமியன் ஹென்றியும் உருவாக்கி, 2014-இல் வெளிவந்தது அது. 2021-இல் கூகுள் விற்பனையை நிறுத்திவிட்டது. செத்த பொருளைக் கற்பானேன் என்று உன் அண்ணன் கேட்பான். ஆனால் அதன் நிரலை 2019-லேயே பொதுவில் திறந்துவிட்டார்கள். விளையாட்டு உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் அதற்கான செருகுநிரல் இருக்கிறது. தவிர, இங்கே படிக்கும் சிக்கனம் விலையுயர்ந்த ஹெட்செட்டிலும் உதவும்.

சிக்கனம் என்றேனே, அதுதான் இந்த வேலையின் பாதி. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். போன் சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஆடும்போது நிழல் கணக்கிடாதே. ஒளியையும் நிழலையும் முன்கூட்டியே பரப்புகளில் பதித்துவிடு. தூரத்து வீடுகளுக்கு உருவமே வேண்டாம், தட்டையான பலகையில் புகைப்படம் போதும். எட்டத்தில் இரு கண்ணுக்கும் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மீன்கூடையை மட்டும் பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளில் பார்த்துப் பார்த்துச் செய்.

தொட்டால் கையில் உணர முடிகிற மீன் வேண்டும் என்ற ஆசை வந்தால், சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் ஆய்வுக்கூடம் செய்த வேலைகளைத் தேடிப் படி. அது பிறகு.

முடித்ததும் அத்தையிடம் கொடு. எப்படி ஆடுவது என்று சொல்லாதே. அவர் எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறார் என்று மட்டும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா