இழுக்கும், நிறுத்துமா?

கேள்வி: ஐயா, தோப்பில் மரங்களுக்கு இடையே உழ 22 குதிரைத்திறன் மினி டிராக்டர் வாங்கினேன். பெரிய டிராக்டருக்குச் செய்த பழைய டிரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. மல்லாட்டை மூட்டை ஏற்றித் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகலாமா? லிப்ட் கையிலேயே பட்டை போட்டுக் கொக்கி வைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர்.
- வாசகர், ஒலக்கூர்

பதில்: அந்த டிரெய்லரை வாங்காதீர்கள். உங்கள் வண்டி அதை இழுக்காது என்று சொல்லவில்லை. சமதரையில், சின்ன கியரில் இழுத்துவிடும், வம்பே அதில்தான். நிறுத்தத்தான் அதற்குத் திராணி போதாது.

மினி டிராக்டரின் எடை ஏறக்குறைய 800 முதல் 1,000 கிலோ. பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும். பெரிய டிரெய்லர் பெட்டிகள் பல காலியாகவே ஒரு டன்னைத் தாண்டும். 75 கிலோ மூட்டை இருபது ஏற்றினால் மேலும் 1,500 கிலோ. மேம்பால இறக்கத்தில் முன்னால் போகும் பஸ் சட்டென்று நின்றால் நீங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள். பிரேக் இல்லாத பெட்டி நிற்காது. பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே மடக்கிவிடும்.

பெட்டியும் சுமையும் சேர்ந்து டிராக்டரின் எடையை மிஞ்சக் கூடாது என்பது என் கணக்கு. கையேட்டில் அதைவிடக் குறைத்துப் போட்டிருந்தால் அதுதான் வரம்பு. இரண்டு சக்கரச் சின்னப் பெட்டியாகப் பாருங்கள். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நடை போக வேண்டியிருக்கும், டீசல் கூடும், கூடட்டும்.

மூட்டைகளை ஆக்சிலுக்குச் சற்று முன்னால் கனம் விழும்படி அடுக்குங்கள். பின்னால் குவித்தால் பெட்டி கொக்கியை மேலே தூக்கும்; டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். ஒரேயடியாக முன்னால் தள்ளினாலோ ஸ்டியரிங் லேசாகிவிடும். விழுப்புரம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடு ஏறும்போது முன்சக்கரம் எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே!

பட்டறைக்காரர் யோசனை வேண்டவே வேண்டாம். கொக்கி டிராபாரில், பின் ஆக்சிலின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இழுவை அதற்கு மேலே போனால், சேற்றில் பெட்டி சிக்கிக்கொள்ளும் நேரத்தில் டிராக்டரின் மூக்கு எழும்பி, வண்டி அப்படியே ஓட்டுபவர் மேல் மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. லிப்ட் கையில் மாட்டினால் லீவரில் கை பட்டாலே கொக்கியின் உயரம் மாறும். கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே ஒரு சங்கிலியும் போடுங்கள்.

தோப்பில் திருப்புவதற்காக இரண்டு பிரேக் பெடலையும் பிரித்து வைத்திருப்பீர்கள். ரோட்டில் ஏறுமுன் தாழ்ப்பாளைப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் வண்டி அந்தப் பக்கமே சுழலும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கிளட்சை மிதிக்காதீர்கள். 10 கிலோமீட்டர் வேகத்தை 20 ஆக்கினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதன் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலோ மட்கார்டிலோ ஆட்களை ஏற்றாதீர்கள், கூலிக்கு வருபவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருட்டிய பிறகு கமிட்டியிலிருந்து திரும்புவதாக இருந்தால் பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டியிருக்கட்டும்.