காத்துக்கும் கிலுங்கிற ரின்

உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதை. பண்டி வருமெண்டு வேலிக்கம்பியில ரின் கட்டுவினம். காத்துக்கும் ரின் கிலுங்கினா, மூண்டாம் இரவு ஒருத்தரும் பாயை விட்டு எழும்ப மாட்டினம். பண்டி அண்டைக்குத்தான் வரும். நெட்வேர்க் சுவிச்சுக்கு அலாரம் போடுறதும் இதே சங்கதிதான், பிள்ளையள். (லைற் போடுற சுவிச் இல்லை, வயர் எல்லாம் வந்து கூடுற பெட்டி.) உங்களுக்கு நேரமில்லையெண்டு தெரியும். இவ்வளவையாவது செய்யுங்கோ.

1. முதல் வேலை, போர்ட்டுக்குப் பேர் வையுங்கோ. இரவு ஒரு மணிக்கு "போர்ட் 17 விழுந்திட்டுது" எண்டு மெசேஜ் வந்தா என்னத்தை விளங்கிறது? "கமரா ரெக்கோடர்" எண்டு வந்தா அரை நித்திரையிலயும் விளங்கும்.

2. எல்லாப் போர்ட்டுக்கும் அலாரம் போடாதேங்கோ! நான் போட்டனான். நாலரைக்கு ஒப்பிஸ் முடிஞ்சு சனம் கம்ப்யூட்டரை நிப்பாட்ட நிப்பாட்ட, என்ர போன் மேசையில கிடந்து துள்ளும். மூண்டு நாள் பொறுத்தன், நாலாம் நாள் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டன். அண்டு பின்னேரந்தான் றூட்டருக்குப் போற வயரை எலி கடிச்சது. விடிய அந்த மெசேஜைத் தேடினா, அறுபது குப்பைக்கு நடுவில கிடக்குது. றூட்டர், சேர்வர், கமரா, அடுத்த கட்டடத்துக்குப் போற லைன் - இதுகளுக்கு மட்டும் போடுங்கோ. மிச்சத்தை லொக்கில எழுதட்டும். சிஸ்லொக்கில 0 இருந்து 7 வரை படி இருக்குது, இலக்கம் குறையக் குறைய ஆபத்துக் கூட. 3 வரைக்கும் போனுக்கு வந்தாப் போதும்.

3. ட்ராப்பை மட்டும் நம்பாதேங்கோ. ட்ராப் எண்டா, சுவிச் தானாக் கூப்பிட்டுச் சொல்லுறது. யூடிபி 162இல அனுப்பிப்போட்டுப் பேசாமல் இருக்கும், போய்ச் சேந்துதோ எண்டு பார்க்காது. கரண்ட் இல்லாமல் செத்த சுவிச் எப்பிடிக் கூப்பிடும்? அதால கண்காணிக்கிற சேர்வர் நிமிசத்துக்கு ஒருக்காப் பிங் பண்ணி "இருக்கிறியோ" எண்டு கேக்க வேணும். தொடர்ந்து மூண்டு தரம் பதில் வராட்டித்தான் அலாரம். ஒரு தரம் தவறினதுக்கெல்லாம் கத்த விடாதேங்கோ.

4. கரண்டை யோசியுங்கோ. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு முட்டி நாடே இருண்டது ஞாபகமோ? அப்பிடியொரு நாளில இருபது சுவிச்சும் ஒரேயடியாக் கத்தும். எது எதுக்குப் பின்னால நிக்குது எண்டு கண்காணிக்கிற மென்பொருளில குறிச்சு வையுங்கோ. தாய்ச் சுவிச் விழுந்தா அது மட்டும் சொல்லட்டும், பிள்ளையள் வாய் திறக்கக் கூடாது. மெசேஜ் அனுப்புறதுக்கு சிம் போட்ட மொடெம் ஒண்டு வையுங்கோ. அறுந்துபோன லைனாலயே "லைன் அறுந்தது" எண்டு அனுப்பப் பாக்கிறாக்களை நான் கண்டிருக்கிறன். மொடெமும் சேர்வரும் யூபிஎஸ்ஸில இருக்கோணும்.

5. எஸ்என்எம்பியில (சுவிச்சும் சேர்வரும் கதைக்கிற முறை, ட்ராப் வாறதும் இதாலதான்) "பப்ளிக்" எண்ட பேரை அப்பிடியே விடாதேங்கோ. ஊருக்கே தெரிஞ்ச திறப்பு அது. மூண்டாம் பதிப்பு இருந்தா அதைப் போடுங்கோ.

6. சுவிச்சின்ர நேரத்தை என்ரிபியால (நெட்வேர்க்கால மணிக்கூட்டைச் சரிபண்ணுற முறை) சரி செய்யுங்கோ, இலங்கை நேரத்துக்கு 5:30 கூட்ட மறக்காமல்.

7. சோளகம் தொடங்கினா ஏ-35 றோட்டுப் புழுதி முழுக்க சுவிச்சின்ர காத்தாடிக்குள்ள, சுவிச் சூடாகும். சூட்டு அலாரத்துக்குப் புத்தகத்தில இருக்கிற இலக்கத்தைப் போடாதேங்கோ. சுவிச் இருக்கிற உங்கட அலுமாரி மத்தியானத்தில எவ்வளவு சூடெண்டு ஒரு கிழமை பாத்து, அதுக்குக் கொஞ்சம் மேல வையுங்கோ.

8. எல்லாம் செய்திட்டு சேவ் பண்ணுங்கோ. கரண்ட் போய் வந்தா, சேவ் பண்ணாத வேலை போனது போனதுதான்.

9. கடைசியா, காலமை பத்து மணிக்கு, எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, அலாரம் போட்ட போர்ட் ஒண்டின்ர வயரை நீங்களே கழட்டிப் பாருங்கோ. மெசேஜ் வருதோ, எத்தினை நிமிசத்தில வருது, நீங்கள் லீவில நிண்டா வேற ஆருக்குப் போகுது? பிறகு வயரைத் திரும்பக் கொழுவுங்கோ. சிரிக்காதேங்கோ, நான் ஒருக்கா மறந்து வீட்டை போயிட்டன்.